ஏறாத தோட்டா

சட்டையின் இடது கையைப் பலகையில் விரித்து, மடிப்பின் மேல் அவள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது மைதானத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஏழு துப்பாக்கிகளின் கைப்பிடிகளை ஒரே நேரத்தில் இழுத்து விட்டால் எப்படிக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். 'சரக்' என்று போகும், 'டக்' என்று ஒரே அடியாக வந்து மூடும். இன்று போனது சரியாகத்தான் போனது. மூடுகிற சத்தம்தான் சிதறி வந்தது. ஐந்து மூடின. ஒன்று எதையோ கடித்துக்கொண்டு பாதியில் நின்றது. இன்னொன்றின் சத்தமே இல்லை.

"ஏறல," என்றாள்.

தரையில் உட்கார்ந்து அண்ணனின் பெல்ட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "என்ன அண்ணி? என்ன ஏறல?"

"தோட்டா."

நாத்தனார் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அண்ணி சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அவளுடைய கவலை. இப்போது சம்பந்தமில்லாமல் பேசவும் தொடங்கிவிட்டாளோ என்ற பயம் சேர்ந்துகொண்டது. "ஒரு வாய் காப்பியாவது குடிங்க அண்ணி," என்றாள்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

காவலர் குடியிருப்பில் கடைசி வீடு அவர்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம், மைதானத்தின் ஓரத்தில் ஓடு வேய்ந்த ஆயுதக் கிடங்கு. அந்தக் கிடங்கின் மெக்கானிக்தான் அவள் கணவர். இருபத்தாறு வருஷம் அதே மேசை, அதே முக்காலி. மாவட்டத்தில் எத்தனை காவல் நிலையம் உண்டோ அத்தனையிலிருந்தும் கோளாறான துப்பாக்கிகள் அவரிடம்தான் வரும். கொண்டு வருகிறவரை உட்கார வைத்து, "எத்தனை நாளா இருக்கு? விட்டு விட்டு வருதா, எப்பவுமே இருக்கா? சாப்பிட மாட்டேங்குதா, இல்ல சாப்பிட்டதைத் துப்ப மாட்டேங்குதா?" என்று ஒரு சிரிப்புமில்லாமல் கேட்பார். அதனால் 'டாக்டர்' என்றே பேராகிவிட்டது. அவருடைய உண்மையான பேரைச் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்கூட ஒரு நொடி யோசித்துத்தான் எழுதுவார்.

மூன்று நாளைக்கு முன்னால், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசைக்குத் திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். இடையில் ஒருமுறை கண் திறந்து, "மேசை மேல எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்," என்று அவளிடம் குறைப்பட்டார். "யாராவது எடுத்து வைப்பாங்க, தூங்குங்க," என்றாள் அவள். நேற்று சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தது. பணியிலிருக்கும்போதே இறந்ததால் துப்பாக்கி மரியாதை உண்டு. ஏழு பேர், மூன்று முறை. பன்னிரண்டு மணிக்கு மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியோடு வருவாள். மூன்று மணிக்கு மைதானத்தில் மரியாதை. அதற்குள் சீருடையை இஸ்திரி போட்டு வைக்க வேண்டும். அந்தச் சீருடையை வேறு யாரும் தொட அவள் விடவில்லை. தைத்ததும் அவள்தான். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேரின் சீருடை அவளுடைய மிஷினில் ஓடி வந்ததுதான்.

ஜன்னல் வழியே ஏழு பேர் மண்மூட்டைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்பது தெரிந்தது. சார்ஜெண்ட் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வெடிக்காமல், குண்டில்லாத வெற்றுத் தோட்டாவை ஏற்றி இறக்கிப் பழகுகிறார்கள். மறுபடி சரக். மறுபடி அதே சிதறல். வரிசையில் இரண்டாவதாக நின்ற பெண் காவலர் துப்பாக்கியைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். ஐந்தாவது ஆள் பார்க்கக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த ஆளை யாரென்று சொல்லிவிடலாம். பக்கத்தில் நிற்பவரின் வெயிலை மறைக்கிற உடம்பு. மலை என்று கூப்பிடுவார்கள். ஐம்பது வயசு, முழங்கால் வலி, இரண்டு வருஷமாக அலுவலக வேலைதான். மரியாதை அணியில் நிற்கிற வயசில்லை. நேற்று ராத்திரியே சார்ஜெண்ட் வீட்டு வாசலில் போய் நின்று, "டாக்டர் அண்ணனுக்கு நான் சுடணும்," என்று கேட்டு வாங்கியிருந்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சார்ஜெண்ட் கிடங்கிலிருந்து வேறு துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மலையிடம் கொடுத்தார். அதுவும் பாதியில் நின்றது. சார்ஜெண்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டுச் சுவரோரம் வந்து போனை எடுத்தார். பேச்சு ஜன்னலுக்கு நேராக விழுந்தது.

"ஆமா சார்... ரெண்டு கன் ஏற மாட்டேங்குது சார். மாத்தியும் பாத்தாச்சு... பாக்கிறவருதான் இல்லையே சார்... சரி சார். அப்படியே செஞ்சிடறோம். சும்மா துப்பாக்கியத் தாழ்த்தி நின்னுட்டு, பியூகிள் மட்டும் ஊதிடறோம்."

அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ஒரு பெரிய அதிகாரியின் மரியாதை நடந்தது. இரண்டாம் சுற்றில் ஏழில் மூன்று வெடிக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். இறந்தவரின் மகன் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் கணவர் சாகிறவரை மறக்கவில்லை. அவருக்கு ஒரு மெமோ வந்தது. மெமோகூட அவரைத் தொடவில்லை. "ஒருத்தரு கடைசியாப் போறப்ப நம்ம கையால அசிங்கப்பட்டுட்டாரே," என்று சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்கை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், தோட்டாப் பெட்டியை மாற்றினார், எல்லாவற்றையும் ஒரே நாளில். ஒருநாள் சரியாகும், மறுநாள் பழைய கதை.

அப்போது அவள்தான் மிஷினில் துணியைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "இங்க பாருங்க. தையல் விட்டுப்போனா நான் ஊசி, நூல், துணின்னு எல்லாத்தையும் ஒண்ணா மாத்த மாட்டேன். ஊசிய மட்டும் மாத்துவேன், நாலு தையல் போட்டுப் பாப்பேன். அப்புறம் நூல். அப்புறம் துணி. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது திருடன்னு எப்படித் தெரியும்?"

அவர் அவளை வாய் பிளந்து பார்த்தார். மறுநாளிலிருந்து கிடங்குக்கு வருகிற எல்லாரிடமும், "என் வீட்டுக்காரி சொன்னா," என்று ஆரம்பித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தோட்டா ஏறவில்லை என்றால் சந்தேகப்பட நாலு பேர் இருக்கிறார்கள்: துப்பாக்கி, தோட்டாவை அடுக்கிச் செருகுகிற மேகசின், தோட்டா, ஆள். கல்யாணத்தில் சண்டை வந்தால் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, தரகரா, சமையல்காரரா என்று ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி விசாரிக்க வேண்டும். தட்டு, டம்ளர், கரண்டி, ஊறுகாய்ப் பாட்டில் என்று நாலையும் வைத்து இந்த விசாரணையை அவர் அவளுக்கே எத்தனையோ தடவை நடத்திக் காட்டியிருக்கிறார். தான் சொன்ன கதையைத் தனக்கே புதுசாகச் சொல்கிறாரே என்று அவளும் ஒருநாளும் தடுத்ததில்லை.

"அண்ணி, எங்க போறீங்க? வந்து போறவங்க என்ன நினைப்பாங்க?" நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

"பெட்டிய அணைச்சிட்டேன். இன்னொரு கை பாக்கி இருக்கு, வந்து போடறேன். நீ தொடாதே."

பக்கத்து வாசலில் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். சுவரில் இருந்த சின்ன இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் மைதானத்துக்குள் இறங்கியதும், வரிசையில் நின்ற ஏழு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்து நின்றார்கள். சார்ஜெண்ட் ஓடி வந்தார். எப்போதும் உதட்டில் விசில் வைத்திருப்பதால் அவருக்கு விசில் என்றே பேர். இப்போது அதைத் துப்பிவிட்டு, "அக்கா, நீங்க எதுக்கு இங்க... உள்ள இருங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்," என்றார்.

"என்ன பாத்துக்கறீங்க? சுடப் போறதில்லைன்னு போன்ல சொன்னீங்களே, அதையா?"

விசில் தரையைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். நாலு பேருக்கு முன்னாடி, அதுவும் டாக்டருக்கே அப்படி ஆச்சுன்னா... அதுக்குச் சுடாமலே இருந்திடலாம்னு போன்ல பேசின பெரியவர் நினைக்கிறாரு."

"அவரு நினைக்க மாட்டாரு," என்றாள் அவள். எந்த அவர் என்று விசில் கேட்கவில்லை.

"கன்னை மாத்தியாச்சு இல்ல?"

"மாத்தியாச்சுக்கா. மலைக்கு ரெண்டாவது கன் இது."

"மேகசினை?"

"அது... கன்னோட வந்ததுதான். மேகசின்ல என்னக்கா இருக்கு, வெறும் தகரப் பெட்டி."

அவளுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. இந்த வார்த்தையைக் கேட்டிருந்தால் அவர் முக்காலியிலிருந்து எழுந்தே நின்றிருப்பார். "எல்லா மேகசினையும் கழட்டித் தரையில வைக்கச் சொல்லுங்க. நான் தொட மாட்டேன். கண்ணால பாக்கறேன், அவ்வளவுதான்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவரும் தொட விட்டதில்லை. ஆனால் கிடங்கிலிருந்து அவர் கொண்டு வருகிற பேச்சு முழுவதும் சோற்றோடு சேர்ந்து அவளுக்குள் போயிருந்தது.

கித்தான் விரிப்பின் மேல் ஏழு மேகசின்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பாக ஓர் எண். மகளின் நகப்பாலிஷ் அது. மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து அவளுடைய பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. "கிடங்குல யாருக்கு நகம் வளருது?" என்று மகள் சண்டை போடுவாள். எண்ணெய் பட்டாலும் அழியாத பெயிண்ட் வேறு இல்லை என்பார் அவர்.

இரண்டாவதாக நின்ற பெண் வைத்த மேகசின் பதினாலு. அதன் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

பெண் காவலர் தயங்கினாள். "டாக்டர் சார் மேசை மேல இருந்துச்சு மேடம். யாரோ மறந்துட்டாங்கன்னு நினைச்சு அன்னைக்கு நான்தான் பெட்டியில எடுத்து வெச்சேன்."

"புள்ளி இருந்தா சந்தேகம்னு அர்த்தம். ரெண்டு புள்ளி இருந்தா தள்ளுபடி." ஒருமுறை அவள் கேட்டிருக்கிறாள், எனக்கு எத்தனை புள்ளி வைப்பீங்க என்று. உனக்கு நான் நம்பரே போடலையே என்று அவர் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டார். "அதோட உதட்டப் பாருங்க. மேல ரெண்டு பக்கமும் வளைஞ்சு தோட்டாவப் பிடிச்சிருக்கே, அதுதான் உதடு. ரெண்டும் சமமா இருக்கா?"

விசில் குனிந்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வலது பக்கம் கொஞ்சம் விரிஞ்சிருக்கு."

"எப்பவோ கீழ விழுந்திருக்கும். இந்தப் பக்கம் விரிஞ்சா தோட்டா மூக்கத் தூக்கிக்கிட்டு நேரா போகாது. வெற்றுத் தோட்டாவுக்கு மூக்கே கிடையாது, சுருட்டி மடிச்ச வாய்தான். சும்மாவே முட்டும். இது வேற கோணலா இருந்தா கேக்கணுமா? இத மட்டும் மாத்துங்க. வேற எதையும் மாத்தாதீங்க."

புள்ளியில்லாத மேகசின் ஒன்று வந்தது. பெண் காவலர் அதைத் தட்டிப் பொருத்தினாள். இழுத்தாள், விட்டாள். டக். மறுபடி. டக். ஐந்து முறை செய்தாள், ஐந்தும் ஏறின. அவளுடைய தோள்கள் கீழே இறங்கின. விசிலின் முகத்தில் நிறம் திரும்பியது.

"அப்ப மலையோடதும் மேகசின்தான். அதையும் மாத்திடு," என்றார்.

மலையின் மேகசின் இருபத்தொன்று. புள்ளி இல்லை. மாற்றினார்கள். நின்றது. இன்னொன்று மாற்றினார்கள். மறுபடி நின்றது. பெண் காவலரின் துப்பாக்கியை மேகசினோடு வாங்கி மலையிடம் கொடுத்தார்கள். இப்போதுதான் ஐந்து முறை அழகாக ஏறிய துப்பாக்கி, மலையின் கையில் முதல் இழுப்பிலேயே தோட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றது. மலையின் துப்பாக்கி அந்தப் பெண்ணின் கையில் தேன் மாதிரி வேலை செய்தது.

துப்பாக்கி இல்லை, மேகசின் இல்லை, தோட்டா எல்லோருக்கும் ஒரே பெட்டி. மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். மிச்சம் ஒருத்தர்.

"அப்ப ஆளைத்தான் மாத்தணும்," என்றார் விசில் மெதுவாக. "மலை, வருத்தப்படாதப்பா. நீ பக்கத்துல நில்லு. டாக்டரத் தூக்கறதுக்கு உன்னை விட்டா யாரு?"

மலை துப்பாக்கியை நீட்டினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் பெரிய உடம்புக்காரர்கள் உள்ளே சுருங்கினால் வெளியே தெரிந்துவிடுகிறது. இருபது வருஷமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து டாக்டரோடு சீட்டாடியவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றுவிட்டு, "அண்ணன் கண்ணாடி போட்டுக்கிட்டு ஆடறாரு, அது கள்ளாட்டம்," என்று சொல்கிறவர்.

"இருங்க," என்றாள் அவள். "மலைத்தம்பி, இன்னொரு தடவை செய்ங்க. துப்பாக்கியப் பாக்காதீங்க. வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அப்படி."

மலை துப்பாக்கியைத் திரும்ப வாங்கிச் சுவரைப் பார்த்து நின்றார். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அந்தத் தடித்த விரல்களைப் பார்த்தாள். பின்னால் வந்த கைப்பிடியை விரல்கள் விடவில்லை. தூங்குகிற பிள்ளையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி, அதைப் பிடித்தபடியே கொண்டுபோய் முன்னால் சேர்த்தன. தோட்டா பாதி வழியில் நின்றது.

"தம்பி, எப்பவும் இப்படியா செய்வீங்க?"

மலை துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"பயிற்சியில எத்தனை வருஷம் சுட்டிருக்கீங்க. கைப்பிடியோட கூடவே போனா தோட்டா ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த ஸ்பிரிங் அடிக்கிற அடியிலதான அது உள்ள போகும்."

"தெரியும் அண்ணி."

"அப்புறம்?"

மலை மைதானத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவருக்கு மேல் தெரிந்த அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "சத்தம் வருதே அண்ணி," என்றார். "டக்குனு அடிக்குது. நீங்க உள்ள இருக்கீங்க. காலங்காத்தால சாவு வீட்டுல போய் அந்தச் சத்தம்... மெதுவா விட்டா கேக்காதுன்னு..." துப்பாக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வேணும்னு செய்யல. கை தானா அப்படிப் போகுது."

விசில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெண் காவலர் தன் பூட்ஸின் நுனியைப் பார்த்தாள்.

அவள் மலையின் பக்கத்தில் போய் நின்றாள். அவருடைய முழங்கை உயரம்தான் இருந்தாள். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கணும் தம்பி," என்றாள். "இருபத்தாறு வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் அது கேட்டாத்தான் அவரு வேலை செய்யறாருன்னு தெரியும். கேக்கலைன்னா டீ குடிக்கப் போயிட்டாருன்னு அர்த்தம். மூணு நாளா எனக்கு அது கேக்கல. இழுங்க."

மலை இழுத்தார்.

"முழுசா. இன்னும் பின்னால. ஆங்... இப்ப விட்டுடுங்க."

விரல்கள் விடவில்லை. கைப்பிடி பின்னாலேயே நின்றது.

"கூடவே போகாதீங்க. அது தானா போயிடும். நீங்க விட்டா போதும்."

மலை மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தார்.

டக்.

மைதானத்தில் எல்லோருக்கும் கேட்டது. அவள் அசையாமல் நின்றாள். தோட்டா உள்ளே போய், கதவு மூடி, எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் அது. மலை கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி இழுத்து விட்டார். டக். மறுபடி. டக். மூன்றாவது முறை அவருடைய கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவர் துப்பாக்கியை விடவில்லை.

"பெரியவருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க சார்," என்று விசிலிடம் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். இரும்புக் கதவைத் தாண்டியபோதுதான் தன் கையில் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற டம்ளர் இருப்பதைப் பார்த்தாள். மைதானம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மகள் வண்டியோடு வந்தாள். முன் அறையில் மேசைகளை ஒதுக்கி அவரைக் கிடத்தினார்கள். சீருடையை அவளும் மகளுமாகப் போட்டுவிட்டார்கள். உடம்பு மறுத்தது. "அப்பா கைய மடக்க முடியலம்மா," என்று மகள் திணறினாள். "அவசரப்படுத்தாதே. ஒவ்வொண்ணா," என்றாள் அவள். தையலைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, கையை நுழைத்துவிட்டு, ஊக்குக் குத்தி மூடினாள். காலர் ஒரு விரல் தளர்ந்திருந்தது. போன வருஷமே பிடித்துக் கொடு என்றார், நேரமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தாள். பின்பக்கம் இன்னோர் ஊக்கைக் குத்திச் சரியாக்கினாள். குத்தும்போது கழுத்தில் படாமல் இரண்டு விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள்.

அவர் நகங்களில் கருப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ துடைத்திருக்கிறார்கள். நாத்தனார் எலுமிச்சம்பழம் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம். அது போகாது. கல்யாணத்தன்னைக்கே போகல," என்றாள் அவள். மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வெயில் சாயவில்லை. மைதானத்தில் நினைத்ததைவிடக் கூட்டம் இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் யாராவது வந்திருந்தார்கள். தூரத்து ஊர்க்காரர் ஒருவர், "என் துப்பாக்கிய எட்டுத் தடவை பாத்துக் குடுத்திருக்காரு, ஒரு தடவைகூட சலிச்சுக்கிட்டதில்ல," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்து அவளிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவள் தலையாட்டினாள். அவள் காது வேறு இடத்தில் இருந்தது.

விசில் கட்டளை கொடுத்தார். ஏழு துப்பாக்கிகளும் வானத்தைப் பார்த்தன. சரக். டக். வெடித்தது. நாத்தனார் திடுக்கிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழும் ஒன்றாக.

சரக். டக். இரண்டாவது சுற்றும் வெடித்தது. அவள் எண்ணவில்லை, எண்ண வேண்டியிருக்கவில்லை. பழகிய காதுக்கு ஒரு தையல் விட்டாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது சுற்றில் ஆறு ஒன்றாக வெடித்தன. ஒரு மூச்சு கழித்து ஏழாவது தனியாக வெடித்தது. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். விசில் திரும்பவில்லை. மலை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பியூகிள் ஊதத் தொடங்கிய பிறகுதான் இறக்கினார். யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் அவள் காதில், "கடைசியா வெடிச்சது மலை மாமாதானே?" என்றாள்.

"ஆமா," என்றாள் அவள். "ஏறிடுச்சு. அது போதும்."

எல்லாம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாத்தனார் முன் அறையைக் கூட்டித் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். மகள் அழுது களைத்து உள்ளே படுத்திருந்தாள். வாசற்படியில் ஏதோ முனகல் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். மலை படியில் உட்கார்ந்து, வயிறு இடிக்கக் குனிந்து, பூட்ஸ் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நின்றதில் கால் வீங்கிவிட்டது.

"முடிச்சு இறுகிடுச்சு அண்ணி. வீடு வரைக்கும் நடக்க முடியும்னு தோணல, அதான்..."

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ வேணாம் அண்ணி, நீங்க போய் என் கால..."

"சும்மா இருங்க." நகத்தால் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். அவசரப்படாமல், எந்த இழை எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து. பூட்ஸ் கழன்றது. உள்ளே சாக்ஸின் நுனி கிழிந்து, கட்டைவிரல் முழுசாக வெளியே இருந்தது. மலை வெட்கத்தில் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கழட்டிக் குடுங்க. ரெண்டு நிமிஷம்."

"இதையெல்லாம் போய் இன்னைக்கு..."

"குடுங்க தம்பி. சும்மா உக்காந்திருக்க முடியல."

சாக்ஸை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். மூன்று நாளாக யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. மேலே பஞ்சுத் திண்டில் ஊசிகள் குத்தியிருந்தன. அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கி நாலைந்து வருஷமாகிறது. தினம் காலையில் கணவர் வேலைக்குப் போகும் முன் எட்டு ஊசியில் நூல் கோர்த்துக் குத்தி வைத்துவிட்டுப் போவார். கருப்பு மூன்று, வெள்ளை மூன்று, காக்கி இரண்டு. அவர் மேசையில் சாய்ந்த அன்றைக்கு அவள் காக்கி ஒன்றைத்தான் எடுத்திருந்தாள். மற்ற ஏழும் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றின் வாலிலும் அவர் போட்ட சின்ன முடிச்சோடு.

கருப்பு நூல் கோர்த்த ஓர் ஊசியை உருவினாள். சாக்ஸின் ஓரத்தில் வைத்தாள். பிறகு அதைப் பழைய துளையிலேயே திரும்பக் குத்தினாள்.

பெட்டியிலிருந்து நூல் இல்லாத வேறோர் ஊசியை எடுத்தாள். கருப்பு நூலின் நுனியை நாக்கில் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கோர்க்கப் பார்த்தாள். தவறியது. நுனியை மறுபடி நனைத்தாள். வெளியே மலை, "அவசரமில்ல அண்ணி," என்றார்.